மூன்று தரம் அலசிய கேன்

அஜீசுன்னிசாவின் கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, லிட்மஸ் தாள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே தாள்தான். ஆசிட் பட்டால் சிவக்கும், சோடா பட்டால் நீலமாகும். ஒரு கல்யாண வீட்டில் கொண்டைக்கடலைக்கு ஆப்பசோடாவை அள்ளிக் கொட்டிவிட்டு, போடவே இல்லை என்று சத்தியம் பண்ணினார் சமையல்காரர். பந்தியிலேயே தாளை முக்கி, நீலத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவளைப் பற்றி இதைச் சொன்னாலே பாதி சொன்ன மாதிரி. மீதிப் பாதி அவளுடைய வாய்.

வயது நாற்பத்தெட்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்கு அடுத்த தெருவில், மாடியில் இருக்கும் ஒரு சின்ன லேப்பில் டெக்னீஷியன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரத்தம், சளி, சிறுநீர் என்று ஊர் உடம்பு பூராவும் அவள் மேஜைக்கு வந்துவிடும். அலமாரியின் மேல் தட்டில் ஒரு துணிப்பை உண்டு. அதில் துவைத்து மடித்த ஒரு சேலையும் தொழுகை விரிப்பும் இருக்கும். நண்பகல் லுஹர் தொழுகை நேரம் வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவி, உடுத்தியதை மாற்றிக்கொண்டு, மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் தொழுதுவிட்டு வருவாள். ஒரு நாள் தவறியதில்லை. சிறுநீர் ஒரு சொட்டு துணியில் பட்டாலும் தொழுகைக்கு ஆகாது என்பது சின்ன வயசிலிருந்து ஊறிய சங்கதி.

"ஊர்ல உள்ள மூத்திரம் பூரா உன் தலையிலதான் விடியுதா?" என்று கேலி செய்வார் அவள் கணவர் ஹிதாயத்துல்லா. முதுநகரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"மனுஷன் வாயத் தொறந்தா பாதி பொய்யி. அது பொய் சொல்லாதுங்க" என்பாள்.

லேப்புக்கு வருமுன் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் சோதனைக்கூடத்தில் பதினோரு வருஷம் தற்காலிக வேலை பார்த்தாள். மாணவர்களின் பிராக்டிகலுக்குக் கரைசல் கலந்து வைப்பது அவள் பாடு. நிரந்தர வேலைப் பட்டியல் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை. பெயர் இருந்த பையனுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ என்று வேறு சொன்னார்கள். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தாள். "கத்துக்கிட்டவனுக்குத்தான வேலை குடுப்பீங்க? குடுத்துட்டீங்கள்ல. அப்ப அவனுக்கே எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியவள், பதினேழு வருஷமாக அந்தப் படியை மிதிக்கவில்லை.

இப்போது சொல்லப் போவது போன வருஷம் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சிதம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்று வந்தது. மெஹ்ரீன், வயது இருபத்தாறு, இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர். வருகிற வியாழக்கிழமை காலை அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அதற்கு முன் மயக்க மருந்து டாக்டர் இந்த டெஸ்ட்டைக் கேட்டிருந்தார். திடீர் திடீரென்று முகம் வெளுத்து வேர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை பிளக்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தது.

நரம்புகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லச் சில சரக்குகளைச் சுரக்கின்றன. நார்அட்ரினலின் அதில் ஒன்று. அட்ரினலின் அதன் கூடப்பிறந்தது. நாய் துரத்தினால் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது இவற்றால்தான். சிலருக்குச் சிறுநீரகத்தின் தலைமாட்டில் ஒரு கட்டி வளர்ந்து, நாயே துரத்தாமல் இவற்றை அள்ளி இறைக்கும். அப்படிப்பட்ட உடம்பில் விஷயம் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைத்தால், பிரஷர் எகிறி, ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விடலாம். சிறுநீரில் அந்தச் சரக்கு அளவுக்கு மிஞ்சி இருக்கிறதா என்று பார்த்தால் கட்டியின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் சரக்கு சீக்கிரம் கெட்டுப்போகிற ஜாதி. அதனால்தான் கேனின் அடியில் கொஞ்சம் ஆசிட் ஊற்றிக் கொடுத்தனுப்புவார்கள். இந்தக் கேனுக்கு ஊற்றியவளே அஜீசுன்னிசாதான்.

தாளை முக்கினாள். சிவக்க வேண்டிய தாள் நீலமாகவே நின்றது. இன்னொன்றை முக்கினாள். அதுவும் நீலம்.

"சார், இதுல ஆசிட்டே இல்ல. இது ஆவாது. திரும்பப் புடிக்கச் சொல்லணும்" என்றாள்.

லேப் முதலாளி திருநாவுக்கரசு கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். பயந்தவர்கள் பண்ணுகிற கெடுதல் இருக்கிறதே, அதைக் கெட்டவர்களால்கூடப் பண்ண முடியாது. "ஒரு நாள் பூரா சேத்து வச்சதும்மா. திருப்பி அனுப்புனா அந்த நர்சிங் ஹோம்காரங்க வேற லேப்புக்குப் போயிடுவாங்க. சென்னைக்கு அனுப்புவோம், அவுங்க மெஷின் சொல்லட்டும்."

"கெட்டுப்போன மீன எந்தத் தராசுல போட்டா என்னா சார்? வேற லேப்புக்குப் போனா போவட்டும்."

அவள் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து, சாம்பிள் சென்னைக்குப் போய்விட்டது.

திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்தது மெஹ்ரீனின் மாமியார் ஷஹனாஸ் பீவி. "சொன்னபடிதாம்மா பண்ணோம். ஒரு சொட்டு விடல. ரொம்ப சுத்தமா பண்ணோம்" என்றார்.

அந்த "சுத்தமா" அஜீசுன்னிசாவுக்கு முள்ளாகக் குத்தியது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து முடிவு வந்தது. எல்லாமே நார்மல். திருநாவுக்கரசு அதை லேப் தாளில் அச்சடித்து, டெக்னீஷியன் கையெழுத்துக்கு நீட்டினார். அஜீசுன்னிசா சிவப்புப் பேனாவை எடுத்தாள். "சாம்பிளில் ஆசிட் இல்லை. இந்த முடிவு செல்லாது" என்று குறுக்கே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"என்னாம்மா இது, ரிப்போர்ட்ட கிறுக்கிகினு!"

"கையெழுத்து கேட்டீங்க. போட்டுட்டேன்."

அவர் இன்னொரு பிரதி அச்சடித்தார். தானே கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து நர்சிங் ஹோமுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவள் கண் முன்னாலேயே. இரண்டு நீல டிக் விழுந்ததையும் பார்த்தாள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாளை மறுநாள் காலை அந்தப் பெண்ணை மேஜையில் கிடத்துவார்கள்.

"நாளைக்கு எனக்கு லீவு" என்றாள்.

"எதுக்கு?"

"சிதம்பரம் போறேன்."

"அஜீசும்மா, வேணாம். போனா திரும்பி இங்க வர வேணாம். சொல்லிட்டேன்."

"சரி சார். வர வேணாம்னு எழுதிக் குடுங்க. என்னா காரணம்னும் எழுதுங்க. உங்க கையாலயே எழுதுங்க" என்று தன் சிவப்புப் பேனாவையே நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை காலை முதல் பஸ். மடியில் ஒரு பெரிய டிபன் டப்பா. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "என்னாம்மா, பிரியாணியா?" என்று கேட்டார். "இல்லக்கா, டெஸ்ட் டியூபு" என்றதும் அவர் ஆலப்பாக்கம் வரைக்கும் டப்பாவை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

புதுச் சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பி முடிவு வாங்க நாள் இல்லை. ஆனால் மெஷின் இல்லாத காலத்தில் இந்தச் சரக்கை ஜனங்கள் கண்ணால்தான் பார்த்தார்கள், நிறத்தை வைத்து. கல்லூரியில் வருஷா வருஷம் அந்தக் கலர் டெஸ்ட்டுக்கு மருந்து கலந்து வைத்தவளே அவள்தான். அயோடின் லேப்பிலிருந்து கொண்டுவந்துவிட்டாள். மலப் பரிசோதனைக்கு வைத்திருப்பது. ஹைப்போ உப்பு வேண்டும். அது இறால் பண்ணைக்காரர்கள் தண்ணீரில் குளோரினை முறிக்கப் போடுவது. சிதம்பரத்தில் பண்ணைச் சாமான் விற்கிற கடையில் ஒரு பிடி வாங்கினாள். மிச்சம் ஒன்றே ஒன்று. அலுமினா என்கிற வெள்ளைப் பவுடர். அது கடையில் கிடைக்காது. அது இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும்.

பதினேழு வருஷமாக மிதிக்காத அந்தக் கல்லூரிப் படியை மிதித்தாள். ரோஷம் பெரிசுதான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. உள்ளே ஸ்டோரில், அந்தக் காலத்தில் அவளோடு வேலை பார்த்த பொன்னி, தலை நரைத்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி! பதினேழு வருஷம் கழிச்சு வர்ற. நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்த உண்டா? பவுடர் கேக்குற!" என்றாள் பொன்னி.

"நல்லா இருக்கியாடி? பவுடர் குடு."

பொன்னி சிரித்துக்கொண்டே, தேதி தாண்டிக் கழித்துக்கட்ட எடுத்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து இரண்டு ஸ்பூன் மடித்துக் கொடுத்தாள். "பவுடருக்கு வயசாவாது, நமக்குத்தான் ஆவும்" என்றாள்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது மெஹ்ரீனின் வீடு. கணவன் நவ்ஷாத் குவைத்தில். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். மெஹ்ரீன் ஒடிந்து விழுகிற மாதிரி இருந்தாள். கழுத்தில் புதுக் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. கூடத்தில், தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

"யாருக்கு நாற்காலி?" என்று அஜீசுன்னிசா கேட்டாள்.

"எனக்குத்தான் லாத்தா" என்றாள் மெஹ்ரீன். அக்கா முறைக்கு அவர்கள் பக்கம் லாத்தா என்பார்கள். "கீழ உக்காந்து தொழக் கூடாதாம். சஜ்தாவுல தரையில நெத்திய வச்சா எனக்கு வந்துடுது. நெஞ்சு தடதடன்னு அடிச்சுக்கும். வேத்துக் கொட்டும், கண்ணு இருட்டும். மத்த நேரத்துல குனிஞ்சு பெருக்குனாலும் வருது, ஆனா சஜ்தாவுலதான் ஜாஸ்தி. தெருவுல என்னா பேசுறாங்க தெரியுமா? எனக்குள்ள என்னமோ பூந்துகினு இருக்குதாம். அதுக்குத் தொழுகை ஆவலியாம். அதான் அல்லாவுக்கு முன்னாடி தல வைக்க விடாம தள்ளுதாம்." 

ஷஹனாஸ் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நான் அப்படிச் சொல்லலம்மா. புள்ள கஷ்டப்படுதேன்னு நாற்காலி போட்டேன்."

அஜீசுன்னிசாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சஜ்தாவில் உடம்பு மடங்குகிறது. மடங்கினால் வயிறு அமுங்குகிறது. உள்ளே கட்டி இருந்தால் அதுவும் அமுங்கும். அமுங்கினால் சரக்கைப் பீய்ச்சும். ஐந்து வேளையும் இந்தப் பெண் தன் நோயைத் தானே அழுத்தி அழுத்திக் காட்டியிருக்கிறாள், பார்க்கத்தான் ஆளில்லை.

"மாமி, அந்தக் கேன் விஷயத்துக்கு வருவோம். போன்ல சுத்தமா பண்ணோம்னு சொன்னீங்களே. எப்படிப் பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"கேன் வந்துச்சு. தொறந்து பாத்தா அடியில கொஞ்சம் தண்ணி கெடக்குது, மூக்க எரிக்குது. எவ உபயோகிச்சதோ, அவ மூத்திரம் மிச்சம் கெடக்குதுன்னு நெனச்சேன். எங்கூட்டுப் புள்ளையோடத அடுத்தவ நஜீஸ்ல கலக்கலாமா? கொல்லையில கொட்டிட்டு மூணு தரம் அலசுனேன். வெயில்ல காய வச்சேன். அப்புறந்தான் மெஹ்ரீன் கையில குடுத்தேன்" என்றார், பாராட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

அஜீசுன்னிசாவுக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் திட்ட முடியவில்லை. அசுத்தம் என்றால் மூன்று தரம் அலசு என்று அவள் உம்மா அவளுக்குச் சொன்னது. அவள் தன் பெண்ணுக்குச் சொன்னது. இந்தக் கேன் தன் வீட்டுக்கு வந்திருந்தால் தன் உம்மாவும் இதையேதான் செய்திருப்பார். "கேன் மேல சீட்டு ஒட்டியிருந்துச்சே மாமி, ஆசிட் இருக்கு, கொட்டாதீங்கன்னு?"

"அது இங்கிலீஷ்லல்ல இருந்துச்சு."

ஆமாம், இங்கிலீஷில்தான் இருந்தது. அச்சடித்த அந்தச் சீட்டை ஒட்டியதும் அவளேதான். அலசியது இவர் என்றால், அலச விட்டது தானேதான். நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"அது மூத்திரம் இல்ல மாமி, மருந்து. அது இல்லாம போனதால சாம்பிள் கெட்டுப்போச்சு. கெட்டத வச்சு நார்மல்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆபரேஷன். உள்ள ஒரு கட்டி இருந்து, அது தெரியாம மயக்க மருந்து குடுத்தா இவ எழுந்திரிக்காமலே போயிடலாம்."

ஷஹனாஸ் பீவி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, நானே என் புள்ளைய…" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அழுவறதுக்கு நேரமில்ல மாமி. மெஹ்ரீன், அடுத்த தரம் அந்த மாதிரி வந்தா, வந்து அரை மணி கழிச்சு இந்த பாட்டில்ல புடிச்சுக் குடு. இதுலயும் ஆசிட் இருக்கு, கொட்டிடாத. நாம காத்துகினு இருப்போம். நீயா எதுவும் பண்ணாத, ஆபத்து."

டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். துணி துவைக்கிற கல்லின் மேல் டியூபுகளை நிறுத்தினாள். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லி ஓய்ந்தது. கரைசலைக் கலந்துகொண்டிருந்தபோது உள்ளிருந்து ஷஹனாஸ் பீவியின் அலறல்.

ஓடினாள். நாற்காலி மூலையில் கிடந்தது. மெஹ்ரீன் தரையில் விரித்த தொழுகை விரிப்பில், சஜ்தாவிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"யாருடி உன்னயக் கீழ உக்காரச் சொன்னது? அறிவிருக்கா?" என்று கத்தினாள் அஜீசுன்னிசா. கத்தினாலும் கை அவளைத் தாங்கிப் பிடித்து, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தது.

"யாரும் சொல்லல." மெஹ்ரீனுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு ஒண்ணும் தெரியாம மேசையில மவுத்தாவுறதவிட, இன்னிக்கே தெரிஞ்சுக்கறேன் லாத்தா. எனக்குள்ள இருக்குறது ஷைத்தானா கட்டியான்னு. காத்துகினு இருக்க முடியாது."

 தானும் ஒரு நாள் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டாள் அஜீசுன்னிசா. நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணியில் அது தணிந்தது. அரை மணியில் பாட்டில் வந்தது. தாளை முக்கினாள். பளிச்சென்று சிவந்தது.

"இதுதான் மாமி சுத்தம்" என்றாள்.

கல்லின் மேல் இரண்டு டியூபுகள். ஒன்றில் மெஹ்ரீனுடையது. இன்னொன்றில் அஜீசுன்னிசாவுடையதே, நோயில்லாத உடம்புக்கு எப்படி இருக்கும் என்று ஒப்பிட வேண்டாமா? இரண்டிலும் சோடா போட்டு, வெள்ளைப் பவுடரைப் போட்டுக் குலுக்கினாள். அந்தச் சரக்கைப் பவுடர் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே நின்ற தண்ணீரைக் கொட்டினாள். பவுடரை அலசினாள். "இதையும் மூணு தரம் அலசணும் மாமி, இங்கதான் அலசணும்" என்றதும், அழுதுகொண்டிருந்த ஷஹனாஸ் பீவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் ஆசிட் விட்டாள். பவுடர் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிடும். அந்தத் தெளிவை வேறு டியூபுகளில் இறுத்து, அயோடின் சொட்டினாள். இரண்டும் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்தன.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது?" என்றார் ஷஹனாஸ் பீவி.

"பொறுங்க."

சில நிமிஷம் விட்டு, ஹைப்போவை முதலில் தன் டியூபில் சொட்டினாள். பழுப்பு கலைந்து, தண்ணீர் மாதிரி ஆனது. அடுத்தது மெஹ்ரீனுடையது.  ஒரு சொட்டு. இரண்டு. மூன்று. பழுப்பு போனது. போன இடத்தில் இளஞ்சிவப்பு நின்றது. வெயிலில் தூக்கிப் பிடித்தாள், போகவில்லை.

"ரோஸ் மில்க்குல தண்ணி ஊத்துன மாதிரி இருக்குதே. அப்ப இது ஜின்னு இல்லியாம்மா?"

"ஜின்னு கலர் மாறாது மாமி. இது உடம்பு."

கொல்லை வாசலில் நின்றிருந்த மெஹ்ரீன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தாள். மாமியார் தடுக்கவில்லை.

நர்சிங் ஹோமில் மயக்க மருந்து டாக்டர் சந்திரலேகா கிளம்பிக்கொண்டிருந்தார். ரிசப்ஷனில் மறித்தார்கள், மறித்தால் நிற்கிற ஆளா அஜீசுன்னிசா? டியூப் ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே கார் கதவுக்கே போய் நின்றாள்.

"யாரும்மா நீங்க?"

"கடலூர் லேப்ல சாம்பிள் பாக்குறவ மேடம். மெஹ்ரீன் ரிப்போர்ட் தப்பு."

"நார்மல்னு வந்திருக்கே. கையெழுத்தெல்லாம் இருக்கே?"

"அது என் கையெழுத்து இல்ல. என் கையெழுத்து இதுல இருக்கு." சிவப்பில் கிறுக்கிய தாளை நீட்டினாள். கேன் அலசிய கதை, சஜ்தா, கலர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

டாக்டர் இரண்டு டியூபுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது காலேஜ் பிராக்டிகல் மாதிரி இருக்கும்மா. இத வச்சு நோய் இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"இருக்குன்னு நானும் சொல்லல மேடம். இல்லன்னு அந்தத் தாள் சொல்லுது பாருங்க, அத நம்பாதீங்கன்னு சொல்றேன். சந்தேகம் உங்களோடதுதான, நீங்கதான டெஸ்ட்ட கேட்டீங்க? அந்தச் சந்தேகம் இன்னும் தீரல. தீத்துட்டுக் கத்தி வைங்க. அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, புதன்கிழமையே சொன்னேன்னு இதே எடத்துல நின்னு கத்துவேன்."

 சந்திரலேகா போனை எடுத்தார். "டாக்டர், நாளைக்கு அந்தப் பித்தப்பை கேஸுக்கு நான் மயக்க மருந்து குடுக்கப் போறதில்ல." எதிர் முனையில் சர்ஜன் கூச்சல் போடுவது வெளியே கேட்டது. "வேற ஆள வச்சுக் குடுக்கறதா இருந்தா, நான் மறுத்ததையும் கேஸ் ஷீட்ல எழுதிட்டுத்தான் போவேன்" என்று சொல்லி வைத்தார். அஜீசுன்னிசாவுக்கு அந்த அம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையில் டியூப் இருந்ததால் விட்டுவிட்டாள்.

பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்துக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி.

சிதம்பரத்திலிருந்து திரும்பிய மறுநாள், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அஜீசுன்னிசா வழக்கம்போல லேப்பில் உட்கார்ந்திருந்தாள். திருநாவுக்கரசு வந்தார், பார்த்தார், அறைக்குள் போனார். ஸ்கேன் சேதி அவர் காதுக்கு வந்தது சனிக்கிழமை. மெல்ல அவள் மேஜைக்கு வந்தார். "அஜீசும்மா, அந்த ஒரு பிரதி இருக்கே, சிவப்புல எழுதினது. ஃபைல்ல அதையே வச்சுடலாம். நான் போட்டத எடுத்துடலாம். என்னா சொல்றீங்க?"

"ரெண்டும் இருக்கட்டும் சார். பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்" என்றாள். "அப்புறம் கேன் சீட்டு இனிமே தமிழ்ல. நானே எழுதிட்டேன்." கேனின் மேல் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது: "உள்ளே இருப்பது மருந்து. கொட்டாதே. கழுவாதே. சந்தேகம் வந்தால் அஜீசுன்னிசாவுக்குப் போன் போடு." கீழே அவள் நம்பர். 

பாண்டிச்சேரி டாக்டர்கள் கேட்ட புதுக் கேனைச் சுமந்துகொண்டு போனது ஷஹனாஸ் பீவியேதான். மீன் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல். "கழுவ வந்தவ கைய ஒடிச்சிருப்பேன்" என்று பிற்பாடு போனில் சொன்னார். சில வாரம் மாத்திரை கொடுத்துப் பிரஷரை அடக்கி வைத்து, அப்புறம் கட்டியை எடுத்தார்கள். பித்தப்பைக் கல்லும் கூடவே போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அஜீசுன்னிசா சிதம்பரம் போனாள். கூடத்தில் நாற்காலி இல்லை. குனிந்து நிமிரலாம், இனிப் பயமில்லை என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். மாலை அஸர் பாங்கு சொன்னதும் மூன்று பேரும் கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு வந்து நின்றார்கள், நடுவில் மெஹ்ரீன்.

தொழுகையின் முதல் சுற்றான ரக்அத்தில் மெஹ்ரீன் சஜ்தாவுக்குப் போனாள். நெற்றி தரையைத் தொட்டது. எழவில்லை. இந்தப் பக்கம் அஜீசுன்னிசா, அந்தப் பக்கம் ஷஹனாஸ் பீவி, இருவரும் தங்கள் சஜ்தாவை முடித்து எழுந்து உட்கார்ந்தும் அவள் எழவில்லை. அஜீசுன்னிசாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தொழுகையை முறித்துக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள்.

மெஹ்ரீன் நிதானமாகத் தலையைத் தூக்கினாள். நெற்றியில் வேர்வை இல்லை. முகத்தில் இரத்த ஓட்டம் இருந்தது. கண் மட்டும் நனைந்திருந்தது. தொழுகை முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்து ஸலாம் கொடுத்த பிறகுதான் திரும்பினாள்.

"எதுக்கு லாத்தா தொட்டீங்க? இத்தன நாள் என்னய எழுப்பிவுட்டது அந்தக் கட்டி. இன்னிக்கு எனக்கா தோணுனப்பதான் எழுந்திரிச்சேன்."

 அஜீசுன்னிசா, தான் முறித்த தொழுகையை முதலிலிருந்து தொழ எழுந்து நின்றாள்.